இருபத்து நான்கு நாளில் ரேகை வளர்ப்பது எப்படி

ரேஷன் கடைக் கருவியில் என் வலது கட்டைவிரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வையுங்கள், அழுத்தி வையுங்கள் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வருடமாக எந்த உருப்படியான வேலைக்கும் போகாமல் என்னோடு சும்மா வந்துகொண்டிருக்கும் விரல் அது. அதில் ரேகை அப்படியே இருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அரசாங்கம் என்னை ஒரே தடவையில் அடையாளம் கண்டுகொள்வது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

எனக்கு அடுத்து நின்றவன் என் நண்பன். டோல்கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். கார்ப்பரேஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பத்தாவதோடு அவன் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுகளின் எஞ்சினுக்குள் கையை விட்டான். பிறகு கடலை விட்டுக் கரையேறி, கார்களுக்குள் விட்டான். நான் மேலே படித்து, துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் காகிதங்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்தும் உத்தியோகத்தில் அமர்ந்தேன். இத்தனை வருடம் கழித்து எங்கள் இரண்டு பேரின் கைகளையும் ஒரு சின்னப் பெட்டி பரிசீலித்து, என்னுடையதுதான் கை என்று தீர்ப்புச் சொன்னது.

அவன் கட்டைவிரலுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள்காட்டி விரலுக்கும் சிவப்பு. பில் போடும் பெண் ஈரத்துணி கொடுத்தார். துடைத்து வைத்தான். சிவப்பு. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தலையில் தேய்த்துவிட்டு வை என்றார் ஒருவர். ஊதிவிட்டு வை என்றார் இன்னொருவர். நெற்றியில் தேய்த்தான், லுங்கியில் தேய்த்தான், பத்து விரலையும் வைத்துப் பார்த்தான். கடைசியில் அந்தப் பெண் அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மருத்துவர் கெட்ட செய்தி சொல்கிற குரலில், "அண்ணே, உங்க கையில ரேகையே இல்லண்ணே" என்றார்.

"கார்டு எடுக்கசொல்லோ இருந்துச்சேம்மா" என்றான் அவன், பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்தவன் மாதிரி.

மாதாமாதம் போய் அரிசி வாங்குவது அவன் மனைவி. அதனால் இந்தக் கருவியோடு அவனுக்கு முன்பின் பழக்கம் இருக்கவில்லை. இப்போது கார்டில் இருக்கிற ஒவ்வொருவரும் நேரில் வந்து விரல் வைத்து, தான் தான்தான் என்று உறுதிப்படுத்த வேண்டும். மாதக் கடைசிக்குள் வைக்காதவர்களின் பெயரை நீக்கிவிடுவார்கள். விரல் தேறாதவர்களுக்குக் கண்ணைப் படம் பிடிக்கிற கருவி ஒன்று உண்டாம். அது இரண்டு மாதத்துக்கு முன்பு ரிப்பேருக்குப் போயிருந்தது. தன்னிடம் கொடுத்திருந்தால் அரைநாளில் சரிசெய்து தந்திருப்பேன் என்று நண்பன் முணுமுணுத்தான்.

வெறும் அரிசிப் பிரச்சினை என்றால் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். போன வருடம் ஒரு கியர்பாக்ஸைத் தனியாகத் தூக்கியதில் அவனுக்குக் குடல் இறங்கிவிட்டது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டிருக்கும். இருமினால் அதுவும் சேர்ந்து இருமும். அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். காப்பீடு ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கார்டில் பெயர் இல்லையென்றால் காப்பீட்டில் ஆள் இல்லை. காப்பீட்டில் ஆள் இல்லையென்றால் குடல் இறங்கின இடத்திலேயே இருக்கவேண்டியதுதான்.

பில் போடும் பெண் நல்ல பெண். ரேகை முழுக்கப் போய்விடாது, மேல்தோல்தான் தேய்ந்திருக்கிறது, மூன்று வாரம் கிரீஸ், பெட்ரோல், டீசல் எதையும் தொடாமல் தேங்காய் எண்ணெய் தடவிவந்தால் திரும்ப வரும், கொத்தனார்களுக்கெல்லாம் வந்திருக்கிறது என்றார். மாதக் கடைசிக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது.

"மூணு வாரம் கிரீஸ தொடலன்னா ரேகை வரும். சோறு வருமா மாமு?" என்று வெளியே வந்ததும் கேட்டான்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய், எந்தக் கையுறை என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத படித்தவன், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் அந்த விஷயம் உருப்படாது என்பதற்கு என் வாழ்க்கையிலேயே போதுமான சான்றுகள் இருந்தன. அவன்தான் அவற்றையெல்லாம் மறந்துவிட்டான்.

இரண்டு நாள் ஆபீஸ் நேரத்தில் கையுறைகளைப் பற்றிப் படித்தேன். தோல், பருத்தி, ரப்பர், செயற்கை ரப்பர், உள்ளங்கையில் மட்டும் பூச்சுப் பூசியது என்று உலகத்தில் இத்தனை வகை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. எந்தத் திரவத்துக்கு எந்தப் பொருள் தாங்கும், எது கரையும், எது ஊறும் என்று நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதினேன். முக்கியமானதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். வெளிநாட்டு இணையப் பக்கங்களில் கையுறை போட்ட மெக்கானிக்குகளின் படங்கள் இருந்தன. எல்லோரும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல், திறந்த பானெட்டைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மெக்கானிக்கும் திறந்த பானெட்டைப் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. கார்க்காரனைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

உள்ளங்கையின் சுற்றளவை அளந்து கையுறை வாங்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. என் மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் அவன் கையை அளந்தேன். அவன் கையை நீட்டியபடி, ஜாக்கெட்டா சட்டையா என்று மட்டும் கேட்டான்.

முதல் கையுறை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வாங்கியது. தாங்குவது என்றால் தோல்தான் தாங்கும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். தகடுக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பெட்டிக்கடையில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் இரும்பு தூக்கவா, வெல்டிங்குக்கா என்று கேட்டார். காருக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காருக்கு ஏதுங்க கை?" என்றார். கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முழங்கைவரைக்கும் வருகிற மஞ்சள் தோலில் ஒரு ஜோடி கொடுத்தார்.

அதைப் போட்டுக்கொண்டு நண்பன் நின்றபோது, யாரையோ குத்தப்போகிறவன் மாதிரி இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தான். எடுத்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்தான். ஸ்பேனர் கீழேயே இருந்தது. மூன்று தடவை இப்படி நடந்தது. ஒரு நட்டை எடுத்துப் போல்ட்டில் ஏற்றுவதற்குள் நான் இரண்டு டீ குடித்து முடித்திருந்தேன். அந்த நட்டும் எஞ்சினுக்கடியில் எங்கோ விழுந்து, இன்றைக்கும் என் காரோடு ஊர்வலம் வந்துகொண்டிருக்கிறது. ஆமாம், சோதனை எல்லாம் என் காரில்தான். வயதான கார் அது. எப்படியும் மாதத்தில் பாதி நாள் அந்த ஷெட்டில்தான் குடியிருக்கும்.

அடுத்தது, டிரைவர்களும் பேண்டு வாசிப்பவர்களும் போடுவார்களே, அந்த வெள்ளைப் பருத்திப் பின்னல். மெல்லியது, விரல் மடங்கும், ஸ்பேனர் நிற்கும். அவனுக்கே பிடித்துவிட்டது. அரை மணி நேரத்தில் பருத்தி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. விளக்குத் திரி செய்கிற வேலையை அதுவும் செய்தது. முன்பெல்லாம் எண்ணெய் பட்டால் துடைத்துவிடுவான். இப்போது நாள் முழுக்க எண்ணெயில் ஊறவைத்த துணியைக் கையில் கட்டிக்கொண்டு வேலை செய்தான். ரேகை வளர்ப்பதற்கு இதைவிட மோசமான முறை கண்டுபிடிக்க முடியாது. அப்படியும் இரண்டு நாள் விட்டேன். விரல் மடங்குகிறதே என்ற சந்தோஷம்.

மூன்றாம் நாள், எஞ்சினை ஓடவிட்டு எங்கிருந்தோ வரும் கீச்சுச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்று, அவன் கேட்காமலேயே டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். கையுறையின் மணிக்கட்டில் ஒரு நூல் பிரிந்து தொங்கியிருக்கிறது. அது டைனமோ பெல்ட்டுக்குள் போனதை நான் பார்க்கவில்லை. அவன் தோள் ஒரு குலுக்குக் குலுங்கியதைத்தான் பார்த்தேன். உடம்பு மொத்தமும் பின்னால் சாய்ந்தது. கை வெளியே வந்தது. கையுறை வரவில்லை. அது பெல்ட்டோடு போய், புல்லியைச் சுற்றி வந்து, கிழிந்து, என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே விரல் எதுவும் இல்லை.

அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு டயர் மேல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஐந்து விரலையும் மடக்கி நீட்டிப் பார்த்தான். லாஞ்சில் இருந்த காலத்தில் வலை சுற்றுகிற வின்ச்சில் ஒருத்தன் கை போனதைப் பார்த்தவன் அவன். அதைப் பற்றி எப்போதும் பேச மாட்டான்.

"கிளவுசு கயண்டுச்சு மாமு" என்றான் கடைசியில். "கையி கயண்டிருந்தா அந்தப் பொண்ணாண்ட எத்த இட்டுகினு போய் வெப்பேன்?"

சுழலும் பாகங்களுக்கு அருகில் பின்னல் கையுறை கூடவே கூடாது, மாட்டினால் கையோடு இழுத்துக்கொண்டு போகும். இந்த வரி என் நோட்டில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடிட்டது அதைத்தான். அவனிடம் சொல்லத்தான் விட்டுப்போயிற்று. படிப்பது என்பது எனக்கு எப்போதுமே படிப்பதோடு முடிந்துவிடுகிற காரியம். அன்று சாயங்காலமும் அதை அவனிடம் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன், அவன் இதையெல்லாம் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில்.

மாட்டினால் தானே கிழிந்துவிடுகிற மெல்லிய கையுறைதான் பத்திரம் என்ற ஞானம் எனக்கு வந்தது. மருந்துக்கடையில் டாக்டர்கள் போடுகிற ரப்பர் கையுறை ஒரு டப்பா வாங்கினேன். அதே நோட்டின் இரண்டாம் பக்கத்தில், இந்த ரப்பருக்குப் பெட்ரோல் ஆகாது என்று எழுதியிருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி பாகங்களைக் கழுவ ஆரம்பித்தான். பத்து நிமிடத்தில் கையுறை வளர ஆரம்பித்தது. விரல்கள் நீண்டு, தொளதொளத்து, கோவைக்காயாக இருந்தது புடலங்காய் ஆயிற்று. கழற்றிப் பார்த்தால் உள்ளே வேர்வையில் கை வெளுத்து, மூன்று நாள் தண்ணீரில் கிடந்தவன் கை மாதிரி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவன் மனைவி சோறு எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் கடற்கரைக் குப்பத்துப் பெண். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அதற்கு முன்பு சில வருடம் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரித்தவர். தன் விரலை முதல் வாரமே போய் வைத்துப் பச்சை வாங்கிவிட்டார். தட்டில் மிதந்துகொண்டிருந்த ரப்பர் விரல்களை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இது யார் வாங்கிக் கொடுத்தது என்று புருஷனைக் கேட்டார். அவன் கண்ணாலேயே என்னைக் காட்டிக்கொடுத்தான்.

"யண்ணா, எறா கம்பெனில மிசினு தொடைக்கறவனுங்க நீல கலர்ல ஒண்ணு போட்டுகினு இருப்பானுங்க. எண்ண, டீசலு இன்னா பட்டாலும் ஒண்ணும் ஆவாது. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

அதன் பெயர் நைட்ரைல் என்று அவருக்கு விளக்கினேன். என் நோட்டில் நாலாம் பக்கம். பேரெல்லாம் தனக்குத் தெரியாது, நீலம், கொஞ்சம் தடிசாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்ற ஆரம்பித்தார். மறுநாளே பழைய கம்பெனி சிநேகிதி ஒருத்தி மூலம் ஒரு டப்பா வந்துவிட்டது. டேப் வைத்து அளக்காமலே சரியான அளவு.

நீலக் கையுறை நன்றாக உழைத்தது. தோலோடு ஒட்டி நின்றது. பெட்ரோலில் வளரவில்லை. நட்டு ஏறியது. கூர்மையான இடத்தில் உரசினால் கிழிந்தது, அதனால் கழற்றி வேறு போட்டுக்கொள்வான். தினமும் நாலரை மணிக்கு ஆபீஸ் விட்டு ஷெட்டுக்கு வருவேன். அவன் நீலக் கைகளோடு என் காருக்குள் குனிந்திருப்பான். அறுவை சிகிச்சை அரங்கில் நிற்கிற நிபுணரைப் பார்க்கிற மாதிரி ஒரு நிறைவு எனக்கு. ஆபீஸில் இரண்டு பேரிடம் சொல்லிக்கூட விட்டேன், எங்கள் பேட்டையில் கையுறை போட்டு வேலை செய்கிற முதல் மெக்கானிக்கை நான்தான் உருவாக்கினேன் என்று.

பதினாறாம் நாள், துறைமுகத்து வாசலில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றுவிட, காகிதம் ஒன்றும் வராது என்று ஆபீஸில் மதியமே அனுப்பிவிட்டார்கள். சந்துக்குள் நுழையும்போதே அவனைப் பார்த்துவிட்டேன். வெறுங்கை. முழங்கைவரைக்கும் கருப்பு. அதுகூடப் பரவாயில்லை. தெருமுனையில் ஒரு வாடகைக் கார் திரும்புவதைப் பார்த்ததும், பழைய எஞ்சின் ஆயில் டின்னுக்குள் இரண்டு விரலை விட்டு, புறங்கையில் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டான். மேடைக்குப் போகுமுன் பவுடர் போடுகிறவனின் அதே நிதானம். பிறகு என்னைப் பார்த்தான். பின் பாக்கெட்டிலிருந்து நீலக் கையுறையை எடுத்து அந்த ஆயிலுக்கு மேலேயே மாட்டிக்கொண்டான்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீ வர்ற டைமுக்குப் போட்டுப்பேன் மாமு" என்றான். "பாவம், ஆசையா வந்து பாத்துகினு இருப்பியேன்னுட்டு."

ஆக, என் நிறைவுக்காக அவன் தினமும் அரை மணி நேரம் கையுறை போட்டிருக்கிறான். கோபப்படக்கூட எனக்கு இடமில்லை. மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. நீலக் கையைப் பார்த்த முதல் டாக்சிக்காரர், உள்ளே படுத்திருப்பது காரா, ஆளா என்று கேட்டிருக்கிறார். மணலியிலிருந்து வழக்கமாக வருகிற ஒருவர், ஷோரூம் ரேஞ்சுக்குப் போய்விட்டாய், ரேட்டும் அந்த ரேஞ்சுக்குப் போயிருக்குமே என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் போகவில்லை, ஆனால் பக்கத்திலேயே நின்று, கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடு என்று சொல்லிச் செய்யவைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் வண்டிக்காரன் ஷெட்டுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது மெக்கானிக்கின் கையைத்தான். பல்வரிசையை எண்ணி மாடு வாங்குகிற மாதிரி. நகக்கண் வெளுப்பாக இருந்தால் இவன் புதுசு, அல்லது வேலை இல்லாதவன், இரண்டில் ஒன்று. கை சுத்தமான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுப்பவன் தன்னைத்தான் ஏமாந்தவன் என்று நினைத்துக்கொள்வான். இதை எந்த இணையப் பக்கமும் எனக்குச் சொல்லவில்லை.

"அதுவுமில்லாம" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று உரசிக் காட்டினான். "ஆயிலை இப்டித் தேச்சாதான் உள்ள இரும்புத் தூளு வருதான்னு தெரியும். இது ரெண்டும்தான் எங்கிட்ட கீற மிசினு. அதுக்குப் போயி சொக்கா மாட்டுன்ற."

பத்து விரலில் அதிகமாகத் தேய்ந்துபோனதும் அந்த இரண்டுதான். எதை வைத்துப் பிழைத்தானோ அதுவே அவனை அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தது. இந்த இடத்தில் தத்துவமாக ஏதாவது சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. எட்டு நாள்தான் இருந்தது என்பதால் அடக்கிக்கொண்டு, அவன் மனைவியிடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"கார்டுலேர்ந்து ஆள எடுத்துட்டா நான் ஒண்டிக் கார்டு. ஒண்டிக்கும் அரிசி உண்டு" என்றார் புருஷனைப் பார்த்து. "வவுத்த புடிச்சிகினு எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பியோ, போயி நில்லு. நெதானமா வந்து பாக்கறேன்."

அவனுக்கு இருமல் வந்தது. இருமும்போது ஒரு கை தானாகவே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையைத்தான் நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

மறுநாளிலிருந்து மார்க்கெட் முடிந்ததும் அவர் நேராக ஷெட்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிற வாடிக்கையாளர்களுக்கு அவரே பதில் சொன்னார். நீலக் கையைப் பார்த்து முதலில் சிரித்தவரிடம், "சொறிப்பா அவுருக்கு. கயட்டுனா ஸ்டேரிங்குல ஒட்டிக்கும், ஸ்டேரிங்குலேர்ந்து உனுக்கு ஒட்டிக்கும். கயட்ட சொல்லவா?" என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். வாடிக்கையாளர் இரண்டடி பின்னால் போனார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. வேலை முடிகிறவரைக்கும் கையுறை கையிலேயே இருக்கிறதா என்று அந்த வாடிக்கையாளரே கண்காணித்தார். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே. எங்கள் பேட்டையில் மெக்கானிக்குக் கையில் அழுக்கு இருக்கலாம், சொறி இருக்கலாம், சிரங்கும் இருக்கலாம். சுத்தமாக இருக்கிறான் என்பதைத்தான் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான்கு பக்க நோட்டும், தையல் டேப்பும், மூன்று வகைக் கையுறைகளும் சாதிக்காததை ஒரு பொய் நான்கே நாளில் சாதித்தது. ஆயிலைத் தேய்த்துப் பார்க்கிற வேலையை மட்டும் அவன் எனக்குக் கொடுத்தான். அவன் சொல்லச் சொல்ல நான் என் விரல்களால் தேய்ப்பேன். நறநறவென்று இருக்கிறதா என்பான். இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்பேன். தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் நீலக் கைகளை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டிருப்பான். அந்த எட்டு நாளில் எத்தனை எஞ்சின்களுக்குத் தவறான ஜாதகம் எழுதினேன் என்பது எனக்குத் தெரியாது.

கடைசி நாள் ரேஷன் கடையில் வரிசை தெருவரைக்கும் நின்றது. எங்களைப் போலவே கடைசி நாளுக்காகக் காத்திருந்தவர்கள். அவன் வெள்ளைச் சட்டை போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, யார் மேலும் படாமல் மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி பின்னால், நான் அதற்கும் பின்னால். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. வந்திருந்தேன்.

பில் போடும் பெண் கையைத் திருப்பிப் பார்த்து, பரவாயில்லையே, கொஞ்சம் வந்திருக்கிறதே என்றார். கட்டைவிரலை வைத்தான். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. வலதுகை ஐந்தும் முடிந்தது. பின்னாலிருந்து ஒருவர், ஆள் கூட்டம் நிற்கிறது, விரல் இல்லாதவர்கள் ஓரமாகப் போங்கள் என்றார். அவன் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஓரமாகப் போகச் சொன்னவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இடதுகைக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எல்லாமே சிவப்பு. அவன் கழுத்தில் வேர்வை இறங்கிச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. இன்னும் இரண்டு இருக்கிறது, அவசரமில்லாமல் வையுங்கள் என்றார் அந்தப் பெண்.

இடதுகை மோதிர விரலை வைத்தான். பெட்டி யோசித்தது. பச்சை எரிந்தது.

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் ஏதோ பட்டனை அழுத்தினார். காகிதத் துண்டு வெளியே வந்தது. அதில் அவன் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. அவன் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். எடுக்கலாம்ணே, ஆயிடுச்சு என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"எந்த விரல்னு ஞாபகம் வச்சுக்குங்க" என்றும் சொன்னார். "ஆஸ்பத்திரியில சேரும்போது கேப்பாங்க, வீட்டுக்கு அனுப்பும்போதும் கேப்பாங்க. இந்த ஒரு விரல்தான் மேட்ச் ஆவுது."

வெளியே வந்து மூன்று பேரும் கரும்புச் சாறு குடித்தோம். இந்த விரல் மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்டேன். அவன் டம்ளரை வைத்துவிட்டு, இடதுகையால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேனரைப் பிடித்து முறுக்கிக் காட்டினான். கட்டைவிரல் அழுத்துகிறது, ஆள்காட்டி விரல் வழி காட்டுகிறது, நடுவிரல் தாங்குகிறது, சுண்டுவிரல்கூட ஓரத்தை முட்டுக்கொடுக்கிறது. மோதிர விரல் மட்டும் நடுவில் சும்மா மடங்கிக்கொண்டு, கூட்டத்தோடு நிற்கிறது. இதை அவனே அன்றைக்குத்தான் கவனித்திருக்க வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்த கையைக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள், நாற்பது நாள் தள்ளி. அதுவரைக்கும் ஷெட்டை மூட முடியாது. சொறி குணமாகிவிட்டதாக அவன் மனைவி வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துவிட்டு மீன் வியாபாரத்துக்குத் திரும்பினார். நான் போனபோது அவன் நீலக் கையுறை ஒன்றைப் பலகை மேல் விரித்து, மீன் வெட்டுகிற கத்தரியால் அதன் மோதிர விரலை மட்டும் அடியோடு வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டியதை இடதுகை மோதிர விரலில் மாட்டி, அடியில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றினான். மீதி ஒன்பது விரலும் பழையபடி ஆயில் டின்னுக்குள் இறங்கின.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு ஒரு கையுறையில் ஐந்தில் ஒரு பங்குதான் தேவைப்பட்டது என்பதை நான் அமைதியாக ஏற்றுக்கொண்டேன். எண்ணூரிலிருந்து ஒரு கார்க்காரர் வந்தார். ஷெட்டுக்குப் புதியவர். வழக்கம்போல முதலில் கையைப் பார்த்தார். கருப்பு திருப்தியாக இருந்தது. பிறகு அந்த நீல விரலில் கண் நின்றது. அடிபட்டுவிட்டதா, சீழ் பிடித்திருக்கிறதா, அந்த விரலோடு வேலை செய்ய முடியுமா என்று விசாரித்தார்.

"அது கவர்மென்ட் விரலுபா" என்றான் அவன், பானெட்டைத் தூக்கியபடியே. "வேலைக்கி வராது."

அவர் புரிந்துகொண்டவராகத் தலையாட்டிவிட்டு, மூன்றாவது கியரில் ஒரு சத்தம் வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.